ஓரியூர்ச் செம்மண்

ரெண்டு வருசமா கண்மாய் நிறையல. "நிலத்தைப் போட்டுட்டு திருப்பூருக்கு வந்துருங்கப்பா"ன்னு மகன் கூப்பிடுறான். பாதி மனசு கிளம்பிருச்சு.

அப்பத்தான் ஓரியூர் அருளானந்தர் ஞாபகம் வந்தார். லிஸ்பனில் பிறந்தவர். நம்ம மறவர் சீமைக்கு வந்து, காவி கட்டி, கறி மீன் விட்டு, சனங்களோடு இருந்தார். 1686-ல் பிடிச்சு அடிச்சு, இனி இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு விரட்டினாங்க. ஊருக்குப் போனவரை ராஜாவே இருக்கச் சொன்னார். இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலையை வெட்டினாங்க. அந்தச் செம்மண்ணைச் சனம் இன்னும் அள்ளிட்டுப் போகுது.

நான் புனிதன் இல்லீங்க. எனக்குத் தலை போகாது. விதைக் காசுதான் போகும். "இந்த ஒரு மழையைப் பார்த்துக்கிறேன்யா"ன்னு மகன்கிட்ட சொல்லிட்டேன். நேத்து மானாவாரியா குதிரைவாலி விதைச்சாச்சு.