மாட்டுக்கறி மெல்ல வேகட்டும்

"ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்கு தோழர், ஆனா ரப்பர் மாதிரி இழுக்குதே" என்று எங்கள் வீட்டில் முதல்முறை சாப்பிடும் நண்பர்கள் சொல்வதுண்டு. உணவுரிமைக் கூட்டங்களில் எங்களோடு நின்று முழக்கமிடுகிறவர்கள்தான் இவர்கள். கறி தட்டுக்கு வந்ததும் பல் ஒத்துழைப்பதில்லை. அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. அந்தக் கறி ஏன் கடினமாக இருக்கிறது என்பது ஒன்று. அதை எப்படிப் பஞ்சுபோல வேகவைப்பது என்பது மற்றொன்று.

முதல் பதில் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, சான்றிதழ் இல்லாமல் மாட்டை அறுக்க முடியாது. பத்து வயதைக் கடந்திருக்க வேண்டும், உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாததாக இருக்க வேண்டும். இல்லையென்றால், காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் சான்றிதழ். 1976இல் வந்த அரசாணை, பசுவையும் கிடாரியையும் அறுப்பதற்கே தடை விதித்தது. ஆக, சட்டப்படி எங்களுக்கு ஒதுக்கப்பட்டது ஏரும் வண்டியும் இழுத்து ஓய்ந்த காளையும், பால் வற்றிய எருமையும்தான்.

உழைத்த தசையில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு அதிகம். வயது ஏற ஏற அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிப்போகின்றன. சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு, மணிக்கணக்கில் பொறுத்திருந்தால்தான் அது மெல்ல உருகிக் கூழாகும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டு இறக்கினால், தசைநார் சுருங்கித் தன் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும், கொலாஜனோ அப்படியே நிற்கும். நண்பர்கள் ரப்பர் என்று சொல்வது இதைத்தான். கறி மட்டமானது இல்லை, அதற்குக் கொடுத்த நேரம் போதவில்லை.

எங்கள் பாட்டிகளுக்குக் கொலாஜன் என்ற பெயர் தெரியாது, அதன் குணம் தெரியும். வேலூர்ப் பக்கத்துச் சேரியில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால், விரல் நுனி அளவுக்குப் பொடியாக அரிந்து, பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போட்டு, மண்சட்டியை மூடிவைப்பார்கள். சிலர் கொட்டாங்குச்சித் துண்டும் போடுவார்கள். வேலிகாத்தான் விறகு எரிந்து தணலாக நிற்கும். "தீ எரிஞ்சா கறி வேகாதுடி, தணல்லதான் வேகும்" என்று பாட்டி சொல்லுவார். மிஞ்சிய கறி உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காய்ந்து உப்புக்கண்டமாகும். ஊர் ஒதுக்கித் தள்ளியதை உணவாக மாற்றிய அறிவு இது. பெரும்பாலான சமையல் புத்தகங்கள் இதைத் தம் பக்கங்களில் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தத் தணலுக்கு ஒரு விலை இருந்தது. கறி மெல்ல வேக வேண்டுமென்றால் ஒரு பெண் அடுப்படியிலேயே கிடக்க வேண்டும். வாரம் ஆறு நாள் நடவுக்கும் களைக்கும் போனவளுக்கு ஏழாவது நாள் புகை. அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினோம். பீங்கான் பானை, கண்ணாடி மூடி, அடியில் மின்சூடு, அவ்வளவுதான். எங்களுடையது 200 வாட். எட்டு மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்டுக்கு மேல் போகாது.

இந்தச் சட்டியின் பிறப்பும் ஒதுக்கப்பட்ட ஒரு மக்களின் அடுப்பில்தான். சிகாகோவில் வாழ்ந்த இர்விங் நாக்சன் என்ற யூதர் இதற்கு 1940இல் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே பீன்ஸும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்துவரும் சூட்டில் அது விடியவிடிய வேகும். சோலண்ட் என்று பெயர். அந்தக் கதையைத் தன் தாயிடம் கேட்டு வளர்ந்தவர் நாக்சன். 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் அது அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. அதில் அவர்கள் செய்யும் பாட் ரோஸ்டும் விலை மலிவான, கடினமான தோள்பட்டைக் கறிதான். பாட்டியின் தணலுக்குக் கடல் கடந்தும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

இனி இரண்டாவது பதில், செய்முறை. தோள்பட்டைப் பகுதியில் ஒரு கிலோ, வெட்டாமல் ஒரே துண்டாக வாங்குங்கள். எங்கள் கறிக்கடை பாய் முதலில் ஒப்பவில்லை. "முழுசாவா? வேகாதுங்க" என்றார். "எட்டு மணி நேரம் விடுவோம் பாய்" என்றதும் சிரித்துக்கொண்டே எடை போட்டார். முதல்நாள் இரவே உப்பு, மஞ்சள், இடித்த மிளகு தடவி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் உறைந்த கறியை நேராக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. சூடு உள்ளே போய்ச் சேர்வதற்குள் கிருமி பெருகிவிடும்.

காலையில் இரும்புக் கடாயில் கடலெண்ணெய் காயவைத்து, கறியை எல்லாப் பக்கமும் மூன்று நான்கு நிமிடம் சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள், மணமும் நிறமும் இங்கேதான் கிடைக்கும். அதே எண்ணெயில் பெரிய வெங்காயம் மூன்று, பூண்டு பதினைந்து பல், இஞ்சி, தக்காளி இரண்டு, மல்லித்தூள், சீரகம், பட்டை, அன்னாசிப்பூ ஆகியவற்றை வதக்குங்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுவதானால் பானையின் அடியில் போடுங்கள். இந்தச் சூட்டில் கறியைவிடக் கிழங்கு வேகத்தான் அதிக நேரமாகும். மேலே கறி, அதன்மேல் வதக்கியது. தண்ணீர் ஒரு டம்ளர் போதும், மூடிக்குள் ஆவி சுற்றிச்சுற்றி வரும். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம், அதிகச் சூட்டில் ஐந்து மணி நேரம்.

இடையில் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேகும் நேரம் அரைமணி கூடும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால், வேறு பாத்திரத்துக்கு மாற்றி கேஸ் அடுப்பில் வேகவைத்து முடித்துவிடுங்கள். வெளியே போயிருந்த நேரத்தில் எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியாவிட்டால் அந்தக் கறியைச் சாப்பிட வேண்டாம். ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் கறி முரண்டு பிடித்தால் பயப்படாதீர்கள், இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள். கரண்டி பட்டாலே நார்நாராகப் பிரிவதுதான் பதம். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, சாற்றைக் கடாயில் சுண்டவைத்துக் கறிமேல் ஊற்றுங்கள். அன்றைக்குச் சோற்றுக்கு, மறுநாள் இட்லிக்கு.

"இதுல ஒரு வசதி இருக்கு, விசில் சத்தம் வராது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது" என்றார் ஒரு நண்பர். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எங்களுக்குப் புரியும். சென்னையில் வீடு தேடி அலைந்தபோது ஒரு வீட்டுக்காரம்மா சொன்னார்: "கறி, மீனெல்லாம் செஞ்சுக்கங்க, பரவால்ல. அது மட்டும் வேணாம்." அது என்றால் எது என்று அவர் சொல்லவில்லை. 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்வியை அந்த ஒரு சொல்லிலேயே கேட்டு முடித்துவிட்டார். நாங்கள் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினோம்.

மறைத்துச் சமைக்க நினைப்பவர்களுக்கு ஸ்லோ குக்கர் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். எட்டு மணி நேரமும் மணம் மாடிப்படி வரை போகும். போகட்டும்.

அந்த 'அது' வீட்டுக்காரர்களோடு முடிகிற சொல்லும் இல்லை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணி தினமும் விற்கிற ஊர் அது. விழாவில் மட்டும் மாட்டுக்கறிக்கு இடமில்லை. எதிர்ப்பு எழுந்ததும், மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. எங்கள் உணவு கடைத்தெருவில் இருக்கலாம், அரசுப் பந்தலுக்குள் வரக் கூடாது என்பது ஊர், சேரி என்ற பழைய கோடுதான். மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948இலேயே தனி நூலாக எழுதிக் காட்டினார். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

எங்கள் அம்மாவுக்குப் பல் போய் ஆறேழு வருடமாகிறது. மாட்டுக்கறியை அவர் விட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தோம். வாழ்நாளெல்லாம் எல்லோருக்கும் மெத்தென்ற துண்டாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சட்டியின் அடியில் கிடக்கும் சவ்வை மென்றவர் அவர். ஸ்லோ குக்கரில் செய்த கறியை முதன்முதலாக அவர் தட்டில் வைத்த அன்று, விரலால் பிட்டுப் பார்த்தார். பிறகு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அடுத்த வாரம் நல்லி எலும்போட போடுங்க. சாறு இன்னும் கெட்டியா வரும்" என்றார்.

பாயிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.