சந்தனமும் அதன் சார்மரமும்

மாமரக் கிளையொன்றில் அம்மரத்திற்குரியதல்லாத இலையும் பூவுங் கொண்ட செடியொன்று தழைத்து நிற்பதை யாவருங் கண்டிருப்பர். புல்லுருவி என்றும் குருவிச்சை என்றும் வழங்கப்படும் அதனை, பிறர் உழைப்பில் உண்டு திரிவார்க்கு உவமையாக்கி இகழ்தல் உலக வழக்கு. அதே தொழிலை மண்ணினுள்ளே மறைவாகச் செய்தும் அவ்விகழ்ச்சி ஒருசிறிதும் பெறாது, திருக்கோயிற் கருவறைவரை சென்று இறைவன் திருமேனியிற் காப்பாகச் சாத்தப்பெறும் பேறு படைத்த மரமும் ஒன்றுண்டு. அது சந்தனம்.

இது கேட்ட அளவில் அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. கல்கத்தாவின் தாவரத்தோட்டத்திற் பணிசெய்த ஜான் ஸ்காட் என்பார் 1871-ஆம் ஆண்டிலேயே சந்தனவேர் பிற செடிகளின் வேரைப் பற்றி உண்பதை வெளியிட்டார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்துத் தாவரநூற் புலவராயிருந்த பார்பர் என்பார், அப்பற்றுறுப்பின் அமைப்பை நுணுகி ஆராய்ந்து, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் விரிவாக எழுதி வைத்தார். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் இச்செய்தி பொதுமக்கள் செவியில் நன்கு ஏறவில்லை. அதனால் விளையும் கேட்டைப் பின்னர்க் காண்போம்.

சந்தனவிதை முளைத்துச் சின்னாள்வரை தன்னுள் வைத்த உணவைக்கொண்டே வாழும். அதன்பின் அதன் நுண்வேர்கள் மண்ணில் அயலே படர்ந்துள்ள வேர்களைத் தீண்டும். தீண்டிய இடத்தில் மணிபோன்ற வடிவில் வெண்ணிறச் சிறு முடிச்சொன்று தோன்றும். அம்முடிச்சு அயல்வேரை இருபுறமும் கவ்வி, நடுவிலிருந்து நாப்போன்ற ஒரு பகுதியைச் செலுத்தித் தோலைப் பிளந்து, உள்ளே நீரோடும் குழாய்களைச் சென்றடையும். நீர் என்றும் நிறைவிடத்தினின்று வறளிடம் நோக்கியே செல்லுமன்றோ? சந்தனம் தன் இலைவழியாக நீரை மிகுதியும் ஆவியாக்கி, அயல்மரத்தினும் தன்னுடலை வறட்சியாக வைத்துக்கொள்ளுகின்றது. ஆகவே நீரும், அந்நீரிற் கரைந்த உப்புக்களும், தழைச்சத்தும் தாமே அதன்பால் ஒழுகுகின்றன. துவரை முதலிய அவரையினத்துச் செடிகளை அதற்குச் சார்பாக வைத்தல் நலமென்பர். அவற்றிடம் தழைச்சத்து மிகுதியாதலின். முந்நூற்றுக்கு மேற்பட்ட செடிகொடி மரங்களின் வேரில் சந்தனம் பற்றியமை குறிக்கப்பட்டுள்ளது. வேறொரு சந்தனத்தின் வேரையும், சிற்சில வேளை தன் வேரையே தானும், பற்றுவதுண்டு!

இனிப் புல்லுருவியை நோக்குக. அதன் கனியைத் தின்ற சிறுகுருவி, பிசுபிசுப்பு நீங்காத விதையைக் கிளையில் தேய்த்துச் செல்லும். விதை அங்கேயே ஒட்டி முளைத்து, பட்டையைத் துளைத்து உட்புகும். அதுவும் பெரும்பாலும் நீரும் உப்புமே கொள்ளும். இலை பச்சையாயிருத்தலின் மாப்பொருளைக் கதிரொளியில் தானே சமைக்கும். சந்தனமும் அவ்வாறே. ஆதலின் இரண்டையும் அரை ஒட்டுண்ணி என்பர். முழு ஒட்டுண்ணியாவது அம்மையார் கூந்தல்: வேரும் இலையுமின்றி மஞ்சள் நூலாய் வேலிச்செடிகளைப் பின்னி, நீரோடு சமைத்த உணவையும் கவர்வது. ஆகத் தாவரநூல் வகுத்த வரிசையிற் புல்லுருவியும் சந்தனமும் ஒரே படியில் நிற்கின்றன. கிளையில் நின்று கொள்வது கண்ணுக்குத் தெரிகின்றது. வேரில் நின்று கொள்வது தெரிவதில்லை. வசைக்கும் வாழ்த்துக்கும் இவ்வளவே காரணமெனின், அவ்வழக்கு நடுநிலையுடையதன்று.

இப்புல்லுருவியின் மேலும் பிறிதொரு புல்லுருவியினம் வேரூன்றி அதனை உறிஞ்சுதல் உண்டென்பது ஒரு வியப்பு. சந்தனமும் தப்பவில்லை. 1899-இல் குடகுநாட்டில் முதன்முதற் குறிக்கப்பட்ட கூர்நோய், இலைகளைச் சிறுகச்செய்து ஈர்க்குப்போல விறைப்பித்து, காடு காடாகச் சந்தனத்தை அழித்தது. மரத்தின் உணவுக் குழாயினுள் வாழும் நுண்ணுயிர் அந்நோயோடு தொடர்புடையதென்பது 1969-இல் வெளிப்பட்டது.

சந்தனத்தைச் சார்ந்த மரங்களும் அதன் மணம் பெறும் என்பது நல்லினச் சேர்க்கைக்கு நூலோர் காட்டும் உவமை. கேட்க இனியது, மண்ணுள் நிகழ்வதோ மறுதலையானது. அயல்மரங்கள் சந்தனத்தினின்று மணம் பெறவில்லை. சந்தனமே அவற்றினின்று நீர் பெறுகின்றது. எனினும் ஒன்று கூறத்தகும். வேம்பின் நீரை உண்டதனாற் சந்தனம் கசப்பதில்லை. சவுக்கின் நீரை உண்டதனால் அதன் தன்மை பெறுவதுமில்லை. வயிரத்தில் ஊறும் நறுநெய்யைச் சந்தனம் தானே ஆக்கிக்கொள்ளுகின்றது. சார்ந்ததன் வண்ணமாதலை உயிர்க்கு இயல்பென ஓதும் நம்மனோர்க்கு இம்மரம் ஓர் எதிர்காட்டு.

மேலே குறித்த கேடு யாதெனின், பத்தியுடையார் சிலர் நந்தவனத்திற் சந்தனக்கன்று நட்டு, சுற்றிலும் ஒரு புல்லும் விடாது களைந்து, வேலி கட்டி, நாள்தோறும் நீர்விடுவர். இலை வெளுத்துக் கன்று நலிய, மேலும் நீரையும் எருவையும் பெய்வர். பிற செடிகளைக் களைந்த அக்கையே கன்றின் உணவையுங் களைந்ததென்பதை அவர் அறியார். நாற்றுவளர்ப்போர் இதனை அறிந்தே, பையிலுள்ள கன்றினருகே துவரை ஊன்றுவர். துவரை ஓங்கி நிழல்செய்யின் அதன் நுனியைக் கிள்ளுவர். நிலத்தில் நட்டபின்னும் துவரை ஓரிரண்டாண்டில் மடியுமாதலின், நெடுநாள் நிற்கும் சவுக்கு முதலியவற்றை இடைவெளிவிட்டு உடன்வைப்பர். காட்டிலும் சந்தனம் புதர்களின் நடுவே பறவையிட்ட விதையினின்று தோன்றுவதாதலின், தனித்து வளர்ந்த வழக்கம் அதற்கு என்றும் இருந்ததில்லை.

இங்ஙனம் பல்லாண்டு வளர்ந்து வயிரம் பாய்ந்த சந்தனத்தை அடிமரத்தோடு வெட்டி நிறுத்துவாரில்லை. நெய் வேரிலே மிகுதியாதலின் வேரோடு அகழ்ந்தெடுப்பர். பருத்த வேர்கள் மேலே வருகின்றன; நுண்வேர்களோ இடையில் அற்று, அயல்மரத்து வேரைக் கவ்விய முடிச்சுக்களோடு மண்ணிலேயே தங்கிவிடுகின்றன.