இன்றைக்கு யாருக்காக?

வைத்தியத் தொழிலிற் புகுந்த முதலாண்டில் எமக்குப் பிரசவ விடுதியிலே கடமை. ஒருநாள் அந்தி சாயும் வேளை. அயலிலுள்ள பள்ளிவாசலில் மஃரிபுக்குரிய பாங்கு ஒலித்தது. இலங்கையில் மஃரிபின் நேரம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே அதிகம். அதற்குரிய மூன்று ரக்அத்தையும் தொழ ஐந்து நிமிடம் போதும். அன்று அந்த ஐந்து நிமிடமும் எம்மிடம் இருக்கவில்லை.

சற்றுமுன் பிள்ளை பெற்ற இளந்தாய் ஒருத்திக்குக் கருப்பை சுருங்காமற் குருதி பெருகியது. இத்தகைய பெருக்கு ஓரிரு மணித்தியாலங்களில் உயிரையே கொண்டுபோய்விடக் கூடியது. வயிற்றின் மேலாகக் கருப்பையைப் பிசைந்தவாறு, அதனைச் சுருக்கும் மருந்தும் குருதியும் ஏற்றுவித்து, வைத்திய நிபுணர் வரும்வரை கையெடாமல் நின்றோம். பெருக்கு அடங்கி, அவள் கண்விழித்துப் பிள்ளையைக் கேட்டபொழுது இஷா நேரம் வந்துவிட்டது. உடை மாற்றி, வுழுச் செய்து, தவறிய மஃரிபைக் கழாவாகத் தொழுதபின் இஷாவையும் தொழுதோம்.

ஆயினும் உள்ளம் உறுத்தியது. நூல்களைப் புரட்டினோம். 1262 ஆம் ஆண்டு காலமான ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். நீரில் மூழ்குவோரைக் காப்பது தொழுகையினும் முந்தியது. காத்தபின் தொழுகையைக் கழாச் செய்து இரு நன்மைகளையும் அடையலாம் என்பது அவர் கருத்து. எம் மனம் ஆறியது.

ஆறிய மனம் மெல்லச் சோம்பவும் தொடங்கியது. "விடுதியில் வேலை" என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் போதுமாயிற்று. சில வாரங்களின் பின் ஒரு மாலை, பாங்கு ஒலித்து அரைமணி கடந்தும், தேநீர்க் கோப்பையும் கையுமாக நண்பரோடு கதைத்திருந்தோம். நெற்றியில் திருநீறு துலங்கும் மூத்த மருத்துவமாது ஒருவர் அருகில் வந்து, மெதுவாகக் கேட்டார்:

"டொக்டர், அண்டைக்கு அந்தப் பிள்ளைக்காகத் தொழாமல் நிண்டனீங்கள். இண்டைக்கு ஆருக்காக?"

எமக்கு நாவெழவில்லை.

"போய்த் தொழுதிட்டு வாங்கோ. ஏதும் எண்டால் கூப்பிடுறன்" என்றார் அவர்.

உயிர் ஊசலாடும் வேளையில் தொழுகை காத்திருக்கும். ஆனால் நோயாளியைச் சாட்டித் தொழுகையை விடுவதும், தொழுகையைச் சாட்டி நோயாளியைப் பிறர் தலையிற் சுமத்துவதும் ஒன்றுபோலவே பிழை. அன்றுமுதல், பொறுப்பைச் சகாவிடம் சொல்லி ஒப்படைத்தே தொழச் செல்கிறோம். தைப்பொங்கலன்றும் நத்தாரன்றும் அவர்களுடைய கடமையை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

வைத்தியம் பயிலவிருக்கும் மாணவரே, நேரமில்லை என்று சொல்லுமுன் அந்த அம்மையாரின் கேள்வியை ஒருமுறை உம்மையே கேட்டுப் பாரும்.