இணுவில் கிணற்றடியில் ஓர் அரப்பு முழுக்கு

நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் காங்கேசன்துறையில் இறக்கிவிட்டபோது, என் சடைமுடியெல்லாம் கடல் உப்பு. கீரிமலை பக்கத்தில்தானே என்று நேரே அங்கே போனேன். அடடா! சுவருக்கு அந்தப் பக்கம் கடல் சீறுகிறது. இந்தப் பக்கம் கேணியில் நன்னீர் ஊறுகிறது! கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் முகம் மாறியது இந்த நீரில்தான் என்கிறார்கள். பெண்களுக்கான தனிக் கேணியில் இறங்கியதும் குளிர் உச்சந்தலைவரை ஏறியது.

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்துக்கடியிலேயே நகர்ந்து, கடலோரத்தில் ஊற்றாக எழுகிறது. காவிரிக்கரையில் பிறந்த எனக்கு எத்தனை பெரிய வியப்பு!

மாலையில் இணுவிலில் தோழியின் வீடு. செம்மண், வாழைத்தோட்டம், புகையிலை வாசனை. என் தலையைப் பார்த்ததும் ஆச்சி கேட்டார்: "பிள்ளை, இது கதிர்காமத்து நேத்தியோ?" நேர்த்திக்கடனா என்கிறார். எங்கள் ஊரில் பேருந்தில் தள்ளி உட்காருவார்கள், இங்கே கைகூப்புகிறார்கள்! நல்லூர்த் தேரடிச் செல்லப்பா சுவாமிகளையும், கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964-இல் மறைந்த யோகர் சுவாமிகளையும் கொண்டாடுகிற மண்ணல்லவா? "இல்லை ஆச்சி, ஆசைப்பட்டு வளர்த்தது" என்றேன். "அதுக்கென்ன, நாளைக்கு வெள்ளிக்கிழமை. அரப்பு அவிச்சு முழுக வாக்கிறன்" என்றார்.

விடிந்ததும் அடுப்பங்கரையிலிருந்து புளிப்பும் கசப்பும் கலந்த மணம் வந்தது. சீயாக்காய், வெந்தயம், இரண்டாக வெட்டிய தேசிக்காய் (எலுமிச்சை) எல்லாம் ஒரே சட்டியில் கொதித்தன; இந்தக் கலவைதான் இங்கே அரப்பு. வழக்கமாகப் பயறும் சேர்ப்பார்களாம். "சடைக்கு வேண்டாம் பிள்ளை, உள்ளுக்கை ஒட்டிப்பிடிச்சிடும்" என்று ஆச்சி விலக்கிவிட்டார். செவ்வரத்தை (செம்பருத்தி) இலையையும் தொடவில்லை. அந்த வழுவழுப்பு முடிச்சைத் தளர்த்திவிடும். அவித்ததைப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் இருமுறை வடித்தார். ஒரு துளி சக்கை சடைக்குள் தங்கினாலும் அது காயாமல் நாறும் என்பது என் அனுபவமும்கூட.

கிணற்றடியில் உட்கார்ந்தேன். வெதுவெதுப்பான அரப்புத் தண்ணீர் வேர்க்காலில் இறங்க, ஆச்சியின் விரல்கள் ஒவ்வொரு சடையையும் அழுத்திப் பிழிந்தன. பழுப்பு நீர் ஓடியது; மெல்லிய நுரை வந்தது. முதல்நாள் இதே தண்ணீரில் சோப்பு போட்டபோது வெள்ளைப் பிசுக்குத்தான் மிஞ்சியது. சுண்ணாம்பு கலந்த கடின நீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும்; சடைக்குள் புகுந்தால் அது லேசில் வெளியேறாது. சீயாக்காயின் நுரைப்பொருளான சபோனினுக்கு அந்தத் தொல்லை இல்லை. தங்கள் கிணற்று நீருக்கு எது ஒத்துவரும் என்று எத்தனை தலைமுறைப் பெண்கள் கண்டுவைத்திருக்கிறார்கள்!

கடைசியாகத் தேசிக்காய்ப்புளி விட்ட தண்ணீரில் ஓர் அலசல். பிறகு முற்றத்து வெயிலில் மதியம்வரை காயவைத்தேன். அந்த வெயில் தலையின் ஈரத்தை உறிஞ்சி எடுத்தது; தலை இறகாக லேசானது.

சடை வளர்ப்பவர்களே, விலையுயர்ந்த புட்டிகளைத் தேடி அலையாதீர்கள். சீயாக்காயை அவியுங்கள், துணியில் நன்றாக வடியுங்கள், கண்ணில் படாமல் முழுகுங்கள், காலையிலேயே முழுகி வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். சடைக்கு இதைவிட நல்ல முழுக்கு எனக்குக் கிடைத்ததில்லை.