வாயில் வருகிற பேர்

தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த மறுநாள் இத்தாலியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வந்தது. ஜூலியா, கியாரா, ஸோஃபியா, அவுரோரா, ஜான்னா. "மாமா, இதுல ஒண்ணு சொல்லுங்க. பத்து நாளைக்குள்ள நகராட்சியில பதியணும்."

நான் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஊர் புதுக்கடை. திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த ஊர். அதன் பிறகு 1956 நவம்பரில்தான் இணைப்பு நடந்தது. இறந்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஊர்ப் பிள்ளைக்கு அவுரோராவா? இரண்டு நாள் பதில் போடவில்லை.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். அவள் பேர் ஜெபா. இத்தாலிக்காரர்கள் ஜே எழுத்தை யகரமாக வாசிப்பார்கள். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் 'யேபா'. முதலில் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

"மாமா, யேபான்னு கூப்பிட்டா அது என்னையாக்கும்னு மனசுக்குத் தெரிய இப்பவும் ஒரு நிமிசம் ஆவுது. எனக்க பிள்ளைக்கு அது வேண்டாம்."

அதற்கு மேல் என்ன சொல்ல? என்னிடம் இருந்தது ஒரு கொள்கை. அவளிடம் இருந்தது ஒவ்வொரு நாளும் நடக்கிற காரியம்.

ஆனால் அம்மை விடுவதாக இல்லை. எண்பத்து நாலு வயது. பூட்டிப் பிள்ளையின் பேர் தன் வாயில் வர வேண்டும் என்பது மட்டும்தான் அவள் கட்சி. "வெள்ளக்காரன் பேரு நமக்கு என்னத்துக்குலே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மையின் பேர் ரீத்தம்மா. இத்தாலியில் காஷியா என்ற மலையூரில் வாழ்ந்த ரீத்தாவுக்கு 1900இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். மார்கெரீத்தா என்ற பேரின் கடைசித் துண்டுதான் ரீத்தா. நம்மூரில் எத்தனை ரீத்தாக்கள், எத்தனை கிளாராக்கள்! அசிசியில் பிறந்த அந்தக் கிளாராவைத்தான் இத்தாலியில் கியாரா என்கிறார்கள். பட்டியலில் பாதி ஏற்கெனவே நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. இதை அம்மையிடம் சொன்னேன்.

"ஒனக்கு என்ன தெரியும்? அது எனக்க அப்பன் விட்ட பேராக்கும்" என்றாள்.

அந்தப் பதில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. அவள் சொன்னதுதான் சரி. எண்பத்து நாலு வருஷம் ஒரு வீட்டில் கூப்பிடப்பட்ட பேர் எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன?

இதைத் திருப்பிப் போட்டால் நட்டாலம் வரும். எங்கள் ஊரிலிருந்து தொலைவில்லை. அங்கே பிறந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் இத்தாலிய இயேசு சபைக் குருவான ஜொவான்னி பத்தீஸ்தா புத்தாரி. வைத்த பேர் லாசர். 'கடவுள் உதவினார்' என்பது பொருள். அதைப் பொருளோடு மாற்றித்தான் தேவசகாயம் என்றார்கள். அவர் மனைவி பார்கவிக்குத் தெரேசா என்று பேர், அதுவும் தமிழில் ஞானப்பூ ஆனது. லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்ற பேருக்குள் கடவுளின் கருணை இருக்கிறது, ஆகவே அருளப்பர். இத்தாலியில் பிறந்த பெஸ்கி தன் பேரான கொன்ஸ்தான்சோவை தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். தேம்பாவணியில் சூசையப்பரை வளன் ஆக்கினார்.

இத்தாலியிலிருந்து வந்தவர்கள், தங்கள் பேர் இங்குள்ளவர் நாக்கில் புரள வேண்டும் என்று நினைத்தார்கள். இங்கிருந்து இத்தாலிக்குப் போனவளும் அதையேதான் நினைக்கிறாள். அவர்களைக் கொண்டாடிவிட்டு இவளை மட்டும் மொழியை விட்டவள் என்று நான் எப்படிச் சொல்ல?

"ரீத்தான்னே வச்சிரலாமே" என்று கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா இருக்கும்போது தாய்வீட்டுப் பேரை முதலில் வைப்பது முறையல்ல என்று தயங்கினாள். கடைசியில் அவளே ஜான்னா என்று முடிவு செய்தாள். ஜான்னா பெரெத்தா மோல்லா ஒரு டாக்டர். தன் நாலாவது பிள்ளை பிழைக்க வேண்டும் என்று சொல்லி, அதைப் பெற்றெடுத்து, 1962இல் இறந்துபோனவர். 2004இல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஜெபாவுக்கு ஐந்தாம் மாசத்திலிருந்து படுக்கைதான். காரணம் கேட்கவில்லை நான். ஜொவான்னாவின் சுருக்கம் ஜான்னா. நட்டாலத்துக்காரருக்குத் தண்ணீர் ஊற்றிய குருவின் பேருக்குப் பெண்பால்.

அம்மையிடம் மெதுவாகச் சொன்னேன். "ஜான்னா."

"என்னது, ஞானாவா?"

'நான்' என்பதையே 'ஞான்' என்றும், நண்டை ஞண்டு என்றும் சொல்லிப் பழகிய நாக்கு. திருத்தப் போனேன். அதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஞானம்மா! தேவசகாயம் பிள்ளைக்க பெஞ்சாதி பேருல்லா. அத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

நகராட்சியில் ஜான்னா என்று பதிந்தாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மை போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஞானம்மா, ஏ ஞானம்மா" என்று கூப்பிடுகிறாள். பிள்ளை சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புகிறது.

ஒரு நாள் ஜெபாவிடம் கேட்டேன், "ரெண்டு பேரு சொன்னா பிள்ள கொழம்பாதா மக்களே?"

"ஜான்னான்னு இங்க எல்லாரும் கூப்பிடுவினும் மாமா. ஞானம்மான்னு கூப்பிட ஒரு ஆளுதானே இருக்கு."

அதன் பிறகு நானும் அந்தப் பேரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.