வீடு திரும்பிய பின்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகச் செல்லும் சாலை, கோமுகி அணையைக் கடந்ததும் வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. பேருந்து வெள்ளிமலையை அடையும்போது சமவெளியின் வெம்மை பின்தங்கியிருக்கும். சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள், கடுக்காய் மரங்கள், இடையிடையே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் என்று கல்வராயன் மலை விரிகிறது. காண வருவோர்க்கு அந்த வளைவுகள் இன்பம் தரும். காய்ச்சலும் இருமலுமாகக் கீழே இறங்குபவர்க்கோ ஒவ்வொரு வளைவும் மூச்சை வாங்கும். சாலையே எட்டாத ஊர்களில் நோயுற்றோரை டோலி கட்டித் தூக்கி வந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து இம்மலை 1976இல்தான் விடுபட்டது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அதன் பின்னரே மெல்ல மெல்ல ஏறி வந்தன.

இம்மலையிலிருந்து காசநோயோடு இறங்கும் உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது நாற்பது இருக்கும். இருமல் தொடங்கியபோது குளிர் என்று நினைத்தார். மாலைதோறும் காய்ச்சல் வந்தபோது கைவைத்தியம் பார்த்தார். இடுப்பு வேட்டி தளர்ந்ததை மனைவிதான் முதலில் கவனித்தார். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது சுகாதாரப் பணியாளர்கள் ஓயாமல் சொல்லும் செய்தி. ஆனால் அறுவடையை விட்டுவிட்டு எவர் மலையிறங்குவார்? அவர் இறங்கியபோது, பிறர் தோளைப் பற்றாமல் எழுந்து நிற்க இயலாத நிலை.

எழுந்து நிற்க இயலுமா என்னும் இந்த எளிய வினா, இன்று தமிழ்நாட்டில் உயிர் காக்கும் அளவுகோல்களுள் ஒன்று. காசநோயால் இறப்போரில் பெரும்பாலோர், சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். அதனைத் தடுக்கவே 2022இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. உயரத்திற்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவற்றை நோய் கண்டறிந்தவுடனே பார்த்து, நிலை மோசமானவர்களைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்ப்பது இதன் வழிமுறை. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளும் எடைக்கருவியும் விரலில் மாட்டும் சிறு கருவியும் பார்க்கும் கண்ணும் போதும்.

மலைமக்களுக்கு முன்பு பெரிய மருத்துவமனை என்றாலே தொலைதூரம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். மருத்துவமனைக் கட்டிலில் அந்த உழவருக்கு ஆக்சிஜன் தரப்படுகிறது. எடைக்கேற்ப மாத்திரைகள் தரப்படுகின்றன. மூன்றாம் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு மனைவி நடுங்கிவிடுகிறார். இரத்தம் என்றே அவர் எண்ணுகிறார். ‘ரிஃபாம்பிசின்’ என்னும் மருந்தின் நிறம் அது, அஞ்ச வேண்டாம் என்று செவிலியர் சொல்லும் அந்த அரை நிமிடப் பேச்சு, பலரை நடுவழியில் மருந்தை நிறுத்திவிடாமல் காத்திருக்கும். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் அவர் கஞ்சி போதவில்லை என்கிறார். உடன் இருப்போர்க்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை.

மருத்துவமனையின் வேலை இத்துடன் ஏறத்தாழ முடிகிறது. நோயின் கதை முடியவில்லை.

சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம். மருத்துவமனையில் கழிவது சில வாரங்களே; எஞ்சிய நாள்களெல்லாம் வீட்டில். காசநோயாளியை வீட்டில் வைத்துக் குணப்படுத்த முடியுமா என்று ஒரு காலத்தில் உலகமே ஐயுற்றது. சானடோரியத்தின் தூய காற்றும் ஓய்வும் சத்துணவும் இன்றியமையாதவை என்று மருத்துவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கையை அசைத்தது சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அமைந்தது. நகரின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் உண்டது எளிய உணவு. பலரும் வேலைக்கும் சென்றனர். ஆயினும் 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. சானடோரியத்தில் சேர்ந்தோருள் சிலர்தாம் வீட்டு நினைவு தாளாமல் இடையிலேயே வெளியேறினர்! நோயாளி இல்லத்தாரைப் பிரிந்திருக்க வேண்டியதில்லை என்பதை உலகம் சென்னையின் ஓட்டு வீடுகளிலிருந்து கற்றுக்கொண்டது. பல நாடுகளில் சானடோரியங்கள் பின்னர் மூடப்பட்டன. இன்று அம்மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஆனால் வீடு என்பது கூரை மட்டுமன்று. அந்த உழவர் ஊர் திரும்பியதும் தட்டும் குவளையும் தனியே வைக்கப்படுகின்றன. அன்பில்லாமல் அன்று, அச்சத்தால். காசநோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் அன்று. முறையாக மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மையும் பெரிதும் குறைந்துவிடும். இதைக் களப்பணியாளர் திண்ணையில் அமர்ந்து விளக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை சொன்னால் போதுவதில்லை. அவருடைய பேத்தி தாத்தாவின் தட்டைத் தன் தட்டோடு சேர்த்துக் கழுவிய நாளில்தான் அது வீட்டுக்குள் நுழைந்தது எனலாம். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் பரிசோதித்துத் தடுப்பு மருந்து தரப்படுகிறது.

உணவு அடுத்த சிக்கல். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு, முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடம் இறப்பு 60 விழுக்காட்டளவு குறைவாக இருந்ததைக் காட்டியது. நோயாளியின் குடும்பத்துக்கும் உணவு கொடுத்தபோது அவர்களுக்கு நோய் வருவதும் வெகுவாகக் குறைந்தது. ஊட்டச்சத்துக்காக அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். முட்டைக்கும் பயறுக்கும் அது உதவும். வேலைக்குப் போகாத ஆறு மாதக் கூலியை அது ஈடுசெய்யாது.

மூன்றாம் மாதமே உண்மையில் ஆபத்தானது. இருமல் நின்றுவிட்டது, உடம்பில் சதை வைத்துவிட்டது, கடனோ வளர்ந்திருக்கிறது. வெளி மாநிலத் தோட்ட வேலைக்கு ஆள் திரட்டும் வண்டி ஊருக்குள் வருகிறது. இந்நிலையில் மருந்தை நிறுத்துவோர் பலர். நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். மருத்துவர் அப்போது அருகில் இல்லை. அங்கே இருப்பவர் மனைவி மட்டுமே. மாத்திரை அட்டையில் எத்தனை குழி காலியாகியிருக்கிறது என்று அவர் தினமும் விரலால் எண்ணிப் பார்க்கிறார். எழுத்தறியாத அவருக்கு அந்த எண்ணிக்கை தவறுவதில்லை. வண்டி அவர் இல்லாமலே போகிறது. அண்ணன் முன்வந்து கொல்லையை உழுது கொடுக்கிறார். ஆடுகளில் இரண்டு விற்கப்படுகின்றன.

ஆறாம் மாத முடிவில் சளிப் பரிசோதனைக்காக இருவரும் மீண்டும் மலையிறங்குகின்றனர். கிருமி இல்லை என்று முடிவு வருகிறது. திரும்பும் பேருந்தில் இடமில்லை. கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை வரையிலும் அவர் நின்றுகொண்டே வருகிறார்.