தளர்ந்த உறை

உலகத்தில் தளர்ந்து போகும் பொருள்கள் எத்தனையோ உண்டு. கதவின் கீல் தளர்கிறது. கட்டிலின் கயிறு தளர்கிறது. மனிதனுடைய பல் தளர்கிறது. இவற்றால் பெரிய ஆபத்து ஒன்றும் விளைந்துவிடுவதில்லை. ஆனால், கைத்துப்பாக்கி வைக்கும் தோல் உறை தளர்ந்தால் என்ன நேரும் என்பதை 2023-ஆம் வருஷம் விஜயதசமியன்று காலையில் நான் கண்ணாரக் கண்டேன்.

என் மாமா வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். இராணுவத்தில் சுபேதாராக இருந்து 1992-ல் ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பியதும் அவர் செய்த முதற் காரியம் கொஞ்சம் தென்னந்தோப்பு வாங்கியது. இரண்டாவது காரியம், முறைப்படி லைசென்ஸ் பெற்று ஒரு ரிவால்வர் வாங்கியது. மூன்றாவது, அந்த ரிவால்வருக்கென்று ஆம்பூரில் அளவு கொடுத்து ஒரு தோல் உறை தைத்துக்கொண்டது. தேங்காய் திருட வந்தவர்கள் யாரும் அந்த ரிவால்வரைப் பார்த்ததில்லை. இடுப்பில் தொங்கிய உறையைப் பார்த்த மாத்திரத்திலேயே திரும்பிப் போய்விட்டார்கள். ஆகவே, முப்பத்தொரு வருஷமாகத் தோப்பைக் காவல் காத்தது துப்பாக்கியா, உறையா என்பது விவாதத்திற்குரிய விஷயம்.

மாமாவுக்கு அதில் ஒரு பெருமிதமும் உண்டு. 1878-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஆயுதச் சட்டம் ஒன்று கொண்டு வந்து, இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று தடுத்தது. ஐரோப்பியர்களுக்கு மட்டும் விலக்கு! சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1959-ல்தான் அதற்குப் பதிலாக நம்முடைய சட்டம் வந்தது. "என் தாத்தா கையில் கம்பு ஒன்றுதான் வைத்திருக்க முடிந்தது, நான் இதை வைத்திருக்கிறேன்" என்பார் மாமா. அப்படிப்பட்ட பொருளுக்குச் சாதாரண மரியாதை போதுமா? ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ரிவால்வருக்குச் சந்தனம், குங்குமம். உறைக்கோ விளக்கெண்ணெய் அபிஷேகம். "தோல் காய்ந்து வெடித்துவிடக் கூடாது" என்று ஆழாக்கு எண்ணெயைத் தம் கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஊற வைப்பார்.

அந்த விஜயதசமிக்கு முதல் நாளும் அபிஷேகம் நடந்தது. மறுநாள் காலையில் அவருடைய பேரனுக்கு அக்ஷராப்பியாசம். கூடத்தில் தாம்பாளத்தில் அரிசி பரப்பி வைத்திருந்தது. இரவு தோப்புக் காவலுக்குப் போயிருந்த மாமா நேரே வந்து, கால் கழுவிக்கொள்ளத் திண்ணையோரம் குனிந்தார். 'தொப்'பென்று ஒரு சத்தம். அவர் நிமிர்வதற்குள், மூன்று வயதுப் பிள்ளை ரிவால்வரை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு, "தாத்தா, கீழே போட்டுட்டீங்க!" என்று நீட்டிக்கொண்டு நின்றான். குழாயின் வாய் அவன் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா அசையாமல் நின்றார். பிறகு மிக மெதுவாக ஒரு கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். உருளையைத் திறந்து பார்த்தார். ஆறு அறைகளிலும் ஆறு தோட்டாக்கள் இருந்தன. அன்று பிள்ளை அரிசியில் 'அ' எழுதியபோது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர் மாமா. "என் கை நடுங்குகிறது, நீ பிடித்துக்கொள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உறையைச் சரிசெய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எனக்குத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனாலேயே தைரியமாக ஆரம்பித்தேன். முதலில் உறைக்குள்ளே துணிப்பட்டை ஒன்றைச் செருகிப் பார்த்தேன். "அடே, அந்தத் துணி விசையில் சிக்கினால் என்ன ஆகும் தெரியுமா?" என்று மாமா அதைப் பிடுங்கி எறிந்தார். அடுத்தபடியாக, வெயிலில் வைத்தால் தோல் சுருங்கும் என்று எண்ணி ஒரு பகல் முழுவதும் மொட்டை மாடியில் காய வைத்தேன். எண்ணெய் கசிந்ததும் மூடி வளைந்துகொண்டதுந்தான் கண்ட பலன்.

கடைசியில் வேலூரில் தோல் வேலை செய்யும் ஒரு முதியவரிடம் போய்ச் சேர்ந்தேன். உறையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "விளக்கெண்ணெயா?" என்று கேட்டார். ஆமென்றேன்.

"ஐயா, இது ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். ஆனால் கொடுத்த வடிவத்தில் நிற்காது. ஆவாரந் தோல் அப்படியல்ல. நனைத்து, உள்ளே பொருளை வைத்து அழுத்திக் காய விட்டால், அந்தப் பொருளாகவே ஆகிவிடும். அப்புறம் அதற்கு எண்ணெய் எதற்கு? ஒரு பொட்டு இட்டால் போதும். இத்தனை ஊற்றினால் நார் எல்லாம் இளகி, உறை பையாகிவிடும். செல்லம் கொடுத்தே கெடுத்திருக்கிறீர்கள்!"

ரிவால்வரைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். முதியவர் இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். லைசென்ஸ்காரரின் ஆயுதம் பிறர் கைக்குப் போகக் கூடாது. அன்றியும், ஈரத் தோலுக்குள் வைத்தால் துரு ஏறும். ஆகையால் எங்கள் ஊர்த் தச்சரைக் கொண்டு, மாமா மேற்பார்வையில், பூவரசங்கட்டையில் அதே அளவில் ஒரு ரிவால்வர் செதுக்கச் செய்தேன்.

பிறகு வேலை நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதியவர் சீமைச் சுண்ணாம்புத் தூளைப் பூசிப் பூசித் துடைத்து, இயன்ற மட்டும் எண்ணெயை வாங்கினார். ஓரத் தையலைப் பிரித்துவிட்டு, அதற்கு உட்புறமாகக் கால் விரற்கடை தள்ளிக் குத்தூசியால் புதிய துளைகள் போட்டார். மெழுகு பூசிய நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரும் புதிருமாகச் செலுத்தி இறுக்கினார். ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறு பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளுமாம். அப்பால் கை பொறுக்கும் வெந்நீரில் உறையை நனைத்தார். கொதிநீரானால் தோல் சுருங்கி விறைத்துப் பாழாகிவிடும் என்றார். மரத் துப்பாக்கியை உள்ளே செலுத்தி, உருளையின் பக்கங்களிலும் விசைக் காப்பைச் சுற்றியும் மழமழப்பான எலும்புத் துண்டால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தோலின் மேல் துப்பாக்கியின் உருவம் சிற்பம் போல எழுந்து வந்தது. நிழலில் இரண்டு நாள் உலர்ந்தது. தேய்ந்து போன பிரஸ் பட்டனையும் மாற்றினார்.

மூன்றாம் நாள் மாமாவும் என்னுடன் வந்தார். முதியவர் உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். கட்டை அசையவில்லை. கையால் இழுத்தபோது தடையின்றி வந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது. ஆனால் இடைவாரில் கோத்துக் கட்டிக்கொண்டதும் உறை மறுபடியும் சாய்ந்து ஆடியது.

முதியவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "உறை சரியாகத்தான் இருக்கிறது, ஐயா. இடுப்பு மெலிந்துவிட்டது" என்றார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. இடைவாரில் இரண்டு துளைகள் கூடுதலாகப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். வழி நெடுகிலும் அவர் பேசவில்லை.

2024-ல் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தது. வழக்கம்போல் மாமா தம் ரிவால்வரைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாட்டில் வாக்குப் பதிவு முடிந்தது. ஜூன் 4-ந் தேதி முடிவும் வந்துவிட்டது. "எப்போது திரும்ப வாங்கப் போகிறீர்கள், மாமா?" என்று கேட்டேன். "வாங்கப் போவதில்லை. லைசென்ஸையும் ஒப்படைத்துவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றார். "அவ்வளவு பாடுபட்டு உறையைச் சரிசெய்தோமே!" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"உறை கெட்டுக் கிடந்தபோது துப்பாக்கியைக் கொடுத்திருந்தால், பயந்து கொடுத்ததாக ஆகியிருக்கும்" என்றார் மாமா.

இப்போது அந்த உறை கூடத்துச் சுவரில் பேரனுக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. அதனுள்ளே பூவரசங்கட்டை ரிவால்வர் சிறிதும் அசையாமல் வீற்றிருக்கிறது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் தவறாமல் உண்டு. எண்ணெய் மட்டும் கிடையாது.